ஊடுருவுமா, துழாவுமா? நிலத்தடி ரேடாருக்கு ஒரு சொல்

அன்புடையீர்,

நிலத்துக்குள் ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் புதைந்த குழாய், கேபிள்களைத் தேடும் கருவி 'கிரவுண்ட் பெனிட்ரேட்டிங் ரேடார்'. அதற்குத் தமிழில் 'தரை ஊடுருவும் ரேடார்' என்ற பரிந்துரையில் இரண்டு இடறல்கள். தரை என்பது மேற்பரப்பு. அலை போவதோ நிலத்துக்குள். அடுத்தது, ஊடுருவல். டர்பன் கடற்கரையோரம் மணலில் உப்புநீர் ஏறிய இடத்திலும், ஈரக் களிமண்ணிலும் மின்கடத்தல் அதிகம். அலை பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்ளேயே கரைந்துவிடும். திரையில் வெறும் மங்கல். அதைக் 'குழாய் இல்லை' என்று படித்துத் தோண்டும் எந்திரத்தை இறக்கினால் கேபிள் அறுபடும். பெயரே பொய்த் தைரியம் தரலாமா?

'நிலத்துழாவு ரேடார்' என்கிறேன். இருட்டில் துழாவும் கைக்குத் தட்டுப்படுவதும் உண்டு, தப்புவதும் உண்டு. ரேடார் ரேடாராகவே இருக்கட்டும்; 'கதிரலைக் கும்பா' என்றால் தமிழர் வாழும் டர்பன் புறநகர் சாட்ஸ்வர்த்தில் யாருக்கு விளங்கும்?

தண்ணீர், மின்சாரம் போன்ற சேவைகளின் குழாய், கேபிள்களைக் குறிக்கும் யூட்டிலிட்டியைப் 'பயன்பாடு' என்பது வேண்டாம். தண்ணீர்க் குழாயா, கைப்பேசிச் செயலியா என்ற குழப்பம் வரும். மின்கேபிளுக்குத் தமிழ்நாட்டில் 'புதைவடம்' இருக்கிறது. அதையொட்டிப் 'புதைதடம்' என்றால் குழாய், கேபிள், சாக்கடை எல்லாம் அடங்கும். வினைத்தொகை, ஒற்று மிகாது.

திரையில் எழும் வளைவுக்கு 'அதிபரவளையம்' கணக்குப் புத்தகத்தோடு நிற்கட்டும். களத்தில் 'குடை' போதும். ரேடார் பொருத்திய வண்டியைக் குழாய்க்குக் குறுக்கே தள்ளினால்தான் குடை விரியும். நீளவாக்கில் போனால் நேர்கோடு விழுந்து, மண்ணடுக்கு என்று ஏமாற்றும். குடையின் விரிவிலிருந்தே அலைவேகம் கிடைக்கிறது: நானோநொடிக்கு 0.1 மீட்டர் என்றால், 20 நானோநொடியில் திரும்பிய அலைக்கு ஆழம் 1 மீட்டர். போக வர இரு வழி என்பதை மறந்தால் 2 மீட்டராகிவிடும். மிக அகலமான குடை விழுந்தால் தலைக்கு மேலே பாருங்கள், மின்கம்பியாக இருக்கலாம். காற்றில் அலைவேகம் நானோநொடிக்கு 0.3 மீட்டர், அதனால்தான் அந்த அகலம்.

மறுமொழி:

ஐயா, 'துழாவு' சரி. பிளாஸ்டிக் குழாய், உலோகத் தடங்களை மின்காந்தப் புலத்தால் தேடும் கேபிள் லொக்கேட்டருக்குத் தெரியாது; துழாவலில் படும். அதிலும் உலர்மணலில் நீர் நிறைந்த குழாய் நன்றாகவே படும். ஆனால் கேபிளில் மின்சாரம் ஓடுகிறதா என்பதை ரேடார் சொல்லாது, லொக்கேட்டர்தான் சொல்லும். இரண்டும் வேண்டும்.

'புதைதடம்' மட்டும் போதாது. வேலீவ் (தோண்டுமுன் வாங்கும் அனுமதி) விண்ணப்பத்தில் கிடைக்கும் பழைய வரைபடத்தில் உள்ளது 'ஏட்டுத்தடம்'. கருவி காட்டியது 'துழாவுதடம்'. கையால் குழி தோண்டிக் கண்ணால் பார்த்தது 'அகழ்தடம்'. புதைதடம் தேடும் பணிக்கான பிரிட்டனின் பாஸ் 128 (PAS 128) தரவிதியும் இப்படித்தான் டி முதல் ஏ வரை தரம் பிரிக்கிறது. மூன்றையும் ஒரே நீலக்கோடாக வரைந்து ஒப்பந்தக்காரர் கையில் கொடுப்பதால்தான் குழாய் உடைகிறது.