ரவுண்டபவுட் முடியும் முன் வீட்டுச் சாவியைக் கொடுக்கலாமா?

கடைசிமுடுக்கு: இங்கிலாந்தில் புது வீட்டு எஸ்டேட்டுக்குக் குடிவந்து பதினான்கு மாதம். வீடு கட்ட அனுமதி தந்தபோது போட்ட பிளானிங் நிபந்தனை: 50ஆவது வீட்டில் ஆள் குடியேறும் முன் எஸ்டேட் வாசலில் மெயின் ரோட்டு ரவுண்டபவுட் (ரவுண்டானா) முடிந்திருக்க வேண்டும். பில்டர் 49 சாவிகளைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். ரவுண்டபவுட் இன்னும் காகிதத்தில்தான். காலையில் மெயின் ரோட்டில் வலப்பக்கம் திரும்பப் பத்து நிமிடம். முதல் வீட்டுக்கு முன்பே முடி என்று ஏன் எழுதவில்லை?

கணக்குப்புலி: வீடு விற்ற காசில்தானே ரோடு போட வேண்டும்? பாண்ட் (வேலை பாதியில் நின்றால் ஈடுகட்டும் உத்தரவாதம்), கவுன்சிலின், அதாவது உள்ளாட்சியின், மேற்பார்வைக் கட்டணம், பிற்காலப் பராமரிப்புக்கு ஒரு தொகை. எல்லாவற்றையும் கடனில் கட்டினால் வட்டி உங்கள் தலையில்தான்.

மண்வெட்டி: காசு மட்டும் இல்லை. நான் இந்த வேலையில் இருப்பவன். ரோடு கவுன்சிலுடையது; 1980 நெடுஞ்சாலைச் சட்டம் 278ஆம் பிரிவில் ஒப்பந்தம் ஆகாமல் அதில் கைவைக்க முடியாது. வரைபடம் போகும், திருத்தத்தோடு திரும்பும், நடுவில் பாதுகாப்புத் தணிக்கை. அப்புறம் மண்ணுக்கடியில் கேஸ் குழாய், ஃபைபர் கேபிள். அவற்றை அந்தந்தக் கம்பெனி நகர்த்த வேண்டும். அவர்கள் கொடுப்பதுதான் தேதி. விற்பனை தொடங்கிய பிறகு வரைபடம் அனுப்பினால் இப்படித்தான்.

கடைசிமுடுக்கு: அதைத்தானே சொல்கிறேன்! சாவி கொடுக்க முடியாது என்றால் முதல் நாளே அனுப்பியிருப்பார்.

கணக்குப்புலி: அனுப்பினால் மட்டும்? மாதக்கணக்கில் கவுன்சில் மேசையில் கிடக்கும். கட்டணம் வாங்குபவருக்குக் கெடு கிடையாதா?

மண்வெட்டி: ஆள் பற்றாக்குறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருகிற வரைபடத்தையும் பாருங்கள். 30 மைல் வேக ரோட்டில், சந்திப்பில் ரோட்டு ஓரத்திலிருந்து 2.4 மீட்டர் பின்னால் நிற்பவருக்கு 43 மீட்டர் தூரம் தெரிய வேண்டும். ஒருவர் அந்தப் பார்வைக்கோட்டைப் பக்கத்து வீட்டுக்காரரின் வேலிக்கு மேலாக இழுத்திருந்தார். யார் கையெழுத்துப் போடுவது?

புதுவரவு: எஸ்டேட் உள்ரோடும் இதில் சேருமா?

மண்வெட்டி: இல்லை, அது 38ஆம் பிரிவு. இருக்கிற ரோட்டை மாற்ற 278, புது ரோட்டைக் கவுன்சில் ஏற்க 38. இரண்டும் கையெழுத்தாகிவிட்டதா என்று வீடு வாங்கும் முன் சொலிசிட்டரை (வக்கீலை) கேளுங்கள்.

கணக்குப்புலி: சரி, 50 அதிகம்தான். 20 என்று வைக்கலாம்.

கடைசிமுடுக்கு: நான் ஏழாவது வீடு ஐயா.