பனங்காட்டில் ஒரு காலை: மியான்மர் கிராம அனுபவங்கள்

கருப்பட்டிக்காரி:

2019 ஜனவரியில் நானும் கணவரும் பகான் போயிருந்தோம். மூன்று நாள் கோயில்களாகப் பார்த்தோம். நான்காம் நாள் ஒரு கிராமத்தைப் பார்க்க ஆசைப்பட்டு, எங்களுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டோம். பக்கத்து ஊர்க்காரர். அங்கே அண்ணனை ‘அக்கோ’ என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

“போப்பா மலைச் சாலையோரம், வண்டியில் வருகிறவர்களுக்காகப் பனை ஏறிக் காட்டும் இடங்கள் உண்டு. அங்கே போகலாமா, இல்லை என் சித்தப்பா தினமும் ஏறும் காட்டுக்குப் போகலாமா?” என்று கேட்டார். நான் உடன்குடிப் பக்கம் வளர்ந்தவள். எதைச் சொல்லியிருப்பேன் என்று சொல்லவே வேண்டாம்.

விடியும்போதே போய்விட்டோம். மணல் நிலம், மரங்களுக்கு நடுவே வேர்க்கடலை அறுத்த வயல். ஒவ்வொரு பனையிலும் மெல்லிய மூங்கில் ஏணியைக் கட்டியிருந்தார்கள். சித்தப்பா இடுப்பில் கலயங்களைத் தொங்கவிட்டு விறுவிறுவென்று ஏறிப் பாளையைச் சீவிவிட்டு இறங்கினார். கீழே மண் அடுப்பில் சாறு கொதித்துக்கொண்டிருந்தது, எரிப்பதற்குக் காய்ந்த பனையோலை. அந்த வாசனை வந்ததுமே எனக்குத் தாத்தாவின் விடிலி, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசை, ஞாபகம் வந்துவிட்டது.

சித்தி பாகைக் கையால் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் சிரட்டையில் ஊற்றுவோம் என்றேன். அக்கோ அதைச் சொன்னதும் அவர் கை நின்றுவிட்டது. ஏணி இல்லாமல் காலில் தளைநார் மாட்டித்தான் ஏறுவார்கள் என்றதும் சித்தப்பாவே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். நார் எதில் செய்வது, மழைக்காலத்தில் என்ன பிழைப்பு, பெண்கள் ஏறுவார்களா என்று கேள்வி மேல் கேள்வி. எனக்கும் கேட்க அவ்வளவு இருந்தது. ஒரு மணி நேரம் அக்கோவுக்கு மூச்சுவிட நேரமில்லை. அவர் இல்லாவிட்டால் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்போம்.

கிளம்பும்முன் லபெட் வைத்தார்கள். ஊறிப் புளித்த தேயிலை, கூடவே வறுத்த பூண்டு, எள், கடலை. முதல் வாய் கசந்தது, மூன்றாவதில் பிடித்துப்போனது. எதைக் கொடுத்தாலும் வலது கையால் கொடுத்து, இடது கையால் வலது முழங்கையைத் தொட வேண்டும் என்று அக்கோ முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். நான் அப்படிப் பணத்தை நீட்டியபோது சித்தி முகத்தில் ஒரு சிரிப்பு. பிள்ளைகள் கையில் காசு கொடுக்க வேண்டாம், வெல்லத்தை வாங்குங்கள் என்றதும் அக்கோதான். இரண்டு பை வாங்கினோம்.

மலைநடை:

கலா என்ற மலையூரிலிருந்து இன்லே ஏரி வரை நடந்தவன் நான், அதுவும் இரண்டு முறை. முதல் முறை ஒரு நிறுவனம் அனுப்பிய வழிகாட்டிக்குப் பர்மிய மொழி மட்டும்தான் தெரியும். வழியில் பலவும் பாவோ மக்களின் ஊர்கள். அவர்கள் மொழியே வேறு, பாட்டிமார் பலருக்குப் பர்மிய மொழி அவ்வளவாக வராது. தங்கிய வீட்டில் எங்களைப் போலவே அவரும் சைகையில் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அடுத்த முறை ஒரு பாவோ பெண்ணே வழிகாட்டி. அவர் அடுப்படியில் போய் உட்கார்ந்ததும் வீடே பேச ஆரம்பித்துவிட்டது. மிளகாய் விலை, மகள் கல்யாணம், தலையில் கட்டும் ஆரஞ்சுத் துணியை எப்படிச் சுற்றுவது என்று எல்லாம். படுக்கும்போது புத்தர் மாடம் இருக்கும் பக்கம் கால் நீட்டக் கூடாது என்பதையும் அவர்தான் மெதுவாகச் சொன்னார். முதல் முறை நான் எந்தப் பக்கம் நீட்டினேனோ தெரியாது. ஆகவே போகிறவர்கள், வழிகாட்டி எந்த ஊர், வீட்டில் என்ன மொழி பேசுகிறவர் என்று முதலில் கேளுங்கள்.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் இன்லே ஏரிக்குள் தூண்மேல் நின்ற வீடுகள் பல சரிந்துவிட்டன. அந்தப் பக்கத்து ஆட்களோடு யாருக்காவது தொடர்பு இருக்கிறதா?

கருப்பட்டிக்காரி:

இன்லேயில் எனக்கு யாரையும் தெரியாது. ஆனால் அந்தச் செய்தி கேட்டதும் பயந்துபோய் அக்கோவுக்கு எழுதினேன். என்ன கேட்பது என்று புரியாமல், அவர் சொல்லிக்கொடுத்ததையே அனுப்பினேன்: ‘தமின் சா பீ பீ லா?’ சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம், அங்கே நலம் விசாரிப்பதே அப்படித்தான். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. சாப்பிட்டாச்சாம். சித்தப்பா இப்போது ஏறுவதில்லையாம், மகன் ஏறுகிறானாம்.