மறுமொழி: வெஸ்டிபுலர் ரிஹாபிலிடேஷன் – தமிழில் என்ன?

> 'உட்செவி மறுவாழ்வு' என்று வைக்கலாமா? வெஸ்டிபுல் என்பதற்கு அகராதியில் முன்கூடம் என்றுதான் இருக்கிறது.

ஐயா, வணக்கம்.

காதின் சமநிலை உறுப்பு பழுதாகித் தலைசுற்றல் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சரிசெய்யும் சிகிச்சைதானே இது. இரண்டாவது சொல்லிலிருந்து தொடங்குகிறேன், உறுத்தல் அங்கேதான். 'மறுவாழ்வு' என்றதும் இங்கே குடியை விடவைக்கும் இல்லம் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழர் அகதி முகாம்களையும் 2021-இல் மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றினார்கள். 'புனர்வாழ்வு' என்றாலோ ஈழத்து நண்பர்களுக்குப் போருக்குப் பிந்தைய முகாம்கள்தான் கண்முன் நிற்கும். தலைசுற்றலுக்குப் போனவரிடம் இப்படி ஒரு சீட்டை நீட்டினால் ஆள் பதறிவிடுவார்.

என் அத்தைக்குப் போன ஆண்டு காதின் சமநிலை நரம்பில் அழற்சி. கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்த சுற்றல் நாலைந்து நாளில் அடங்கியது. அப்புறம்தான் தொல்லை. தலைக்குக் குளிக்கும்போது கண்ணை மூடினால் ஒரு பக்கம் சாய்வார். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சீயக்காய் தேய்ப்பார். கரண்ட் போனால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார், ஏனென்றால் அதுவரை அவரை நிறுத்தி வைத்திருந்தது கண்தான். மளிகைக் கடையில் இருபுறமும் அடுக்கிய பொட்டலங்களுக்கு நடுவே நடந்தால் கடையே நகர்கிறது என்றார். நாங்களும் விவரம் தெரியாமல் "படுத்து ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

பிசியோதெரபிஸ்ட் செய்தது நேர் எதிர். ஒரு தாளில் 'அ' என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மாட்டேன் என்பதுபோலத் தலையை ஆட்ட வேண்டும். எழுத்து கலங்காத அளவுக்கு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். லேசாகச் சுற்றினால் நிறுத்தக்கூடாதாம். காது அனுப்பும் தப்புத் தகவலுக்கு மூளை பழகித் தன் கணக்கைத் திருத்திக்கொள்வதுதான் இதில் வைத்தியம். தலைசுற்றலை அமுக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் அந்தத் திருத்தமே தாமதமாகும். 1940-களில் பிரிட்டனில் காத்தோர்ன், குக்சி என்ற மருத்துவர்கள் இருவரும் வகுத்த முறையும் படுக்கையில் கண்ணசைப்பதில் தொடங்கி, பந்தை எறிந்து பிடிப்பது வரை போகும். ஆகவே என் முன்மொழிவு 'மீள்பயிற்சி'. நோயாளிதான் செய்தாக வேண்டும் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

சரி, முதல் சொல். 'உட்செவி' போதாது. கேட்கும் நத்தைச்சுருளும் அதற்குள் அடக்கம், காது மெஷின் சமாசாரம் என்று நினைப்பார்கள். முன்கூடமும் வேண்டாம். காதுக்குள் இருந்த சிற்றறையைப் பார்த்து உடற்கூற்றியலார் வாசற்கூடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது நம்மை நிமிர்த்தி நிறுத்தும் உறுப்பு என்று புரிந்தது பின்னால்தான். அவர்களுக்குத் தெரியாமல் போனதை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

ஒரு வேடிக்கை: பழைய வீடுகளில் ரேழிக்கு 'நடை' என்றும் பெயர் உண்டு. வீட்டிடமும் அதுவே, கால் நடப்பதும் அதுவே. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் 'நடைப் பயிற்சி' என்றால் காலையில் பூங்காவைச் சுற்றுபவர்கள் சண்டைக்கு வருவார்கள். 'நிலை' அப்படியில்லை. நிற்பதும் நிலை, வாசற்கால் சட்டமும் நிலை. எனவே 'நிலைப்புலன்'. புலன் ஐந்துதானே என்று யாராவது கேட்பீர்கள். ஆறாவதாக இருந்துவிட்டுப் போகட்டும், பழுதாகும்வரை யாரும் கண்டுகொள்ளாத புலன் அது.

'நிலைப்புலன் மீள்பயிற்சி' என்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். "பயிற்சின்னு சொன்னாப் போதாதா, முன்னாடி எதுக்கு இவ்வளவு?" என்றார்.

ஒரு எச்சரிக்கை. படுக்கையில் புரண்டால் ஒரு நிமிடத்துக்குள் சுற்றி அடங்குமே, அந்த வகைக்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள். அது காதுக்குள் சுண்ணாம்புத் துகள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுவதால் வருவது. அமெரிக்க மருத்துவர் எப்ளி வகுத்த முறைப்படி தலையை வரிசையாகத் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோவார்கள், பலருக்கு ஓரிரு அமர்விலேயே தீர்ந்துவிடும். அதற்கு 'துகள்மீட்பு' என்று மனதில் ஓடுகிறது. தனி இழையில் பேசலாமா?