புதுப்பிப்பு: டர்பனில் செவிலியர் வேலை கிடைத்துவிட்டது

செவிலியர் படிப்புக்குப் பின் செய்யவேண்டிய கட்டாயச் சமூகச் சேவை ஆண்டை முடித்தும் அரசு மருத்துவமனைகளில் பணியிடம் இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலித்தது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து எழுதிய அக்காவின் யோசனைதான்: செவிலியர்களைப் பணிக்கு அனுப்பும் ஏஜென்சியில் பதிந்து, முதியோர் இல்லத்தில் இரவுப் பணி கேட்பது. 11 இரவுகள் போனேன். அங்குள்ள மேட்ரனே (தலைமைச் செவிலியர்) கூப்பிட்டு ஓராண்டு ஒப்பந்தம் தந்தார். சம்பளம் குறைவுதான். வளைகுடாவுக்குப் போகச் சொன்ன அண்ணன்மார் மன்னிக்கவும், அம்மாவை விட்டுப் போக மனமில்லை.

எதிர்பாராதது ஒன்று. பதிவுச் சான்றிதழ் மட்டும் போதவில்லை. தென்னாப்பிரிக்கச் செவிலியர் கவுன்சிலின் நடப்பாண்டுப் பணிச் சான்றிதழும் கேட்டார்கள். அது டிசம்பர் 31 வரைதான் செல்லும். ஆண்டுக் கட்டணம் கட்டாததால் மூன்று வாரம் வீண். முன்பணம் கேட்ட இன்னோர் ஏஜென்சியை விட்டு விலகினேன். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவது இங்கே சட்டவிரோதம்.