மரம் கழிக்கும் வேலையைச் சொந்தமாக எடுத்துச் செய்யலாமா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோவை_மரமேறி:

வணக்கம். கோவை சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் மரம் கழிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் ஆனைமலைப் பக்கம் தென்னை ஏறிப் பழக்கம், அதனால் உயரத்துக்குப் பயம் இல்லை, மிஷின் ரம்பமும் பிடிக்கத் தெரியும். நாள் சம்பளம் 1,300 ரூபாய். போன வாரம் ஒரு வீட்டில் பெரிய தூங்குமூஞ்சி மரம், வீட்டு மேல் சாய்ந்திருந்த பக்கத்தை மட்டும் எடுத்தோம். காலையில் போய் இருட்டும்போதுதான் முடிந்தது. கான்ட்ராக்டர் 14,000 பேசியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். நாங்கள் நான்கு பேர், எல்லாருக்கும் சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சம். மீதி எங்கே போகிறது என்று அன்று இரவெல்லாம் யோசனை.

சொந்தமாக ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். கூட வர இரண்டு பேர் தயார். மிஷின், கயிறு, பெல்ட் வாங்க வீட்டில் நகை வைக்கலாம் என்கிறார்கள். எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ரேட் எப்படிப் பேசுவது? ஒரே மரத்துக்கு ஒருவர் 5,000 சொல்கிறார், இன்னொருவர் 15,000 சொல்கிறார். அப்புறம், அடிபட்டால் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரு பையன் வேறு ஒருவரிடம் வேலைக்குப் போய் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து கிடக்கிறான். வேலைக்குக் கூட்டிப் போனவர் முதல் நாள் ஆஸ்பத்திரியில் கொஞ்சம் பணம் கட்டியதோடு சரி, அப்புறம் போனையே எடுப்பதில்லை. நாளைக்கு நானும் இரண்டு பேரை மேலே ஏற்றப் போகிறவன், அதனால்தான் கேட்கிறேன்.

தாம்பரம்_கவாத்து:

தம்பி, முதலில் அந்த 14,000-ஐப் பிரித்துப் போடுங்கள். கூலி 5,200. ஒரு தூங்குமூஞ்சியின் ஒரு பக்கம் என்றாலே குட்டியானை லோடு வண்டியில் இரண்டு மூன்று நடை தழை போகும், கொட்டுவதற்கு இடம் கிடைப்பது ஊருக்கு வெளியேதான். அதற்கு 3,500 வையுங்கள். பெட்ரோல், அதில் கலக்கிற டூ-டி ஆயில், செயின் ஆயில், தேய்ந்த செயின், சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து 1,500. முதல் நாள் அவர் வந்து மரம் பார்த்துவிட்டுப் போனாரே, அந்த அரை நாளுக்கு யார் காசு கொடுப்பது? அப்படிப் பார்க்கப் போகிற இடங்களில் பாதிக்கு மேல் வேலை கிடைக்காது. மிஷின் தேய்மானம் இருக்கிறது. கட்டை ஒன்று தவறிப் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் விழுந்தால் அதுவும் அவர் தலையில்தான். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வேலை இருக்காது, நல்ல ஆள் கை மாறிப் போகாமல் இருக்க அப்போதும் முன்பணம் கொடுத்து வைக்க வேண்டும். அவருக்கு நிற்பது இரண்டாயிரமோ மூவாயிரமோதான். அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது, கணக்கு இதுதான்.

ரேட் விஷயம். மரத்தைப் பார்த்து ரேட் சொல்லாதீர்கள், மரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். காலி மனையில் நிற்கிற முப்பதடி வேம்பை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதே வேம்பு ஒரு பக்கம் ஓட்டு வீடு, ஒரு பக்கம் செப்டிக் டேங்க் மூடி, மேலே ஈ.பி. லைன் என்று நின்றால் ஒவ்வொரு கிளையையும் வடம் கட்டித்தான் இறக்க வேண்டும், அது ஒரு முழு நாள். 5,000 சொல்கிறவர் பெரும்பாலும் தழை எடுப்பதைச் சேர்க்காமல் சொல்லியிருப்பார், இல்லாவிட்டால் கயிறு கட்டாமல் தள்ளிவிடுகிறவராக இருப்பார். எது சேர்த்தி எது இல்லை என்று வேலைக்கு முன்பே வாட்ஸப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். தழை யார் எடுப்பது, கட்டை யாருக்கு, தூர் தோண்ட வேண்டுமா, இந்த மூன்றில்தான் சாயங்காலம் சண்டை வரும்.

இன்னொன்று, "கட்டையை நீங்களே எடுத்துக்குங்க, ரேட்டைக் குறைச்சுக்குங்க" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஒத்துக்கொள்ள அவசரப்படாதீர்கள். தேக்காக இருந்தால் அவர்களே வைத்துக்கொள்வார்கள். நமக்கு வருவது தூங்குமூஞ்சி, குல்மோகர், இயல்வாகை, முருங்கை. விறகுக் கடையில் ஏற்றுக் கூலிக்கே சரியாகப் போய்விடும்.

சென்னையில் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்ததே, அப்போது ரோட்டில் சாய்ந்து கிடந்ததில் குல்மோகரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் ஏராளம். அந்தச் சமயத்தில் ரம்பம் வைத்திருந்தவர்கள் எல்லாம் கான்ட்ராக்டர் ஆனார்கள், கேட்ட காசு கிடைத்தது. அந்தக் காசை நம்பிக் கடன் போட்டுக் கிரேன் வாங்கியவர்கள் அடுத்த கோடையில் விற்றார்கள். புயல் வருமானத்தை வைத்து இந்தத் தொழிலை அளக்காதீர்கள்.

பொள்ளாச்சி_தோப்பு:

தென்னை ஏறினவர் என்கிறீர்கள், அதை விட்டுவிடாதீர்கள். மரம் கழிப்பது எப்போதோ வரும் வேலை, தென்னை 45 நாளைக்கு ஒரு தரம் கூப்பிடும். கோவை அப்பார்ட்மென்ட்டுகளில் தேங்காய் கார் மேல் விழுகிறது என்று ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். காய் பறிப்பு, காய்ந்த மட்டை எடுப்பு, காண்டாமிருக வண்டு இருக்கிறதா என்று குருத்துப் பார்ப்பது, மூன்றையும் சேர்த்து மரத்துக்கு இவ்வளவு என்று வருடக் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். மாதச் செலவு அதில் நடக்கும். சிலர் பச்சை மட்டையையும் வெட்டி மரத்தைத் துடைப்பம் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள், அப்புறம் காய்ப்புக் குறைந்துவிட்டது என்று வீட்டுக்காரர் திட்டுவது உங்களைத்தான்.

காப்பீடு பற்றிக் கேட்டீர்கள். தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா இருக்கிறது, பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. அது தென்னை ஏறுகிறவர்களுக்கான திட்டம். தூங்குமூஞ்சியில் விழுந்தால் கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பேங்கில் வருடத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிற பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா எல்லாருக்கும் போட்டு வையுங்கள், உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஆனால் எலும்பு முறிவுக்கு அதில் ஒன்றும் வராது. நீங்கள் ஆள் வைத்து வேலை வாங்கப் போகிறவர் என்றால் டபிள்யூ.சி. பாலிசி, அதாவது வேலையாள் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்க வேண்டும். வேலையில் அடிபட்டால் வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-லிருந்தே சட்டம், தெருவில் யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான். எடுக்கும்போது மரம் ஏறுகிற வேலை என்று அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஏஜென்ட் பிரீமியத்தைக் குறைக்கத் தோட்ட வேலை என்று போட்டுவிடுவார், இழப்பீடு கேட்கப் போகும்போது அதைக் காட்டியே தள்ளிவிடுவார்கள்.

அப்புறம், ஏறுவதற்கு முன்னால் கீழேயே நின்று ஐந்து நிமிஷம் மரத்தைப் பாருங்கள். மட்டைக்கு அடியில் கதண்டுக் கூடு (பெரிய குளவி) இருந்தால் பகலில் அந்தப் பக்கமே போகக் கூடாது. மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்தது போல உருண்டையாக இருந்தால் முசுறு எறும்பு. பெல்ட் போட்டு இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது சட்டைக்குள் முசுறு இறங்கினால் எவ்வளவு அனுபவசாலியும் கையை விட்டுவிடுவான்.

குடியிருப்போர்_செயலாளர்:

நான் வேலை கொடுக்கிற பக்கம். எங்கள் அசோசியேஷனில் இதே ரேட் விஷயத்தில் குறைந்த கொட்டேஷனுக்குக் கொடுத்தார்கள், நான் பொறுப்புக்கு வருவதற்கு முன்னால். வந்தவர்கள் பதினோரு புங்க மரத்தையும் ஒரே உயரத்துக்கு மொட்டை அடித்துவிட்டுப் போனார்கள். எல்லாருக்கும் திருப்தி, வெளிச்சம் வந்துவிட்டது. ஒரே வருடத்தில் ஒவ்வொரு வெட்டு வாயிலும் பத்துப் பதினைந்து போத்து, அதாவது புதுக் கொம்பு, அடர்த்தியாகக் கிளம்பியது. அந்தப் போத்து பட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்குமே தவிர, இயல்பாக வளர்ந்த கிளை மாதிரி மரத்துக்குள் பிடிப்பு இருக்காது. காற்றுக்கு அதுதான் முதலில் முறிகிறது. இரண்டு மரத்தில் வெட்டு வாய் வழியாகத் தண்ணீர் இறங்கி நடு மரமே இற்றுப்போய்விட்டது.

இப்போது வருகிறவர் வேறு மாதிரி. பெரிய கிளை என்றால் மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் அடியிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுக்கிறார். அப்புறம் இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளி மேலிருந்து அறுக்கிறார், கிளை பட்டையை உரித்துக்கொண்டு வராமல் கழன்று விழுகிறது. கடைசியில் மிச்சக் கட்டையை, கிளை தொடங்குகிற இடத்தில் பட்டை மடிந்து வீங்கியிருக்கிறதே, அந்த வீக்கத்துக்கு வெளியே ஒட்டி எடுக்கிறார். வீக்கத்தைச் செதுக்குவதில்லை, தார் பூசுவதுமில்லை. போன வருடம் வெட்டிய இடத்தில் சுற்றிலும் புதுப் பட்டை உருண்டு வந்து பாதி மூடிவிட்டதைக் கையால் தடவிப் பார்த்தேன்.

ஒரு வேம்பு முழுக்கக் கருகி நின்றது. நுனி கருகல் நோய், மழைக்காலத்தில் தென்னிந்தியா முழுக்க வருகிறது. வெட்டிவிடலாம் என்று எல்லாரும் சொன்னோம். அவர்தான், பங்குனி வரைக்கும் விட்டுப் பாருங்கள், துளிர்க்காவிட்டால் வெட்டுகிறேன் என்றார். துளிர்த்தது. கையில் வந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன மனிதரிடம் நாங்கள் அதற்கப்புறம் கொட்டேஷனே கேட்பதில்லை, வருட ஒப்பந்தம் அவருக்குத்தான்.

கோவை_மரமேறி:

எல்லாருக்கும் நன்றி அண்ணா. தழைக் கணக்கு நான் யோசிக்கவே இல்லை. இன்னும் இரண்டு சந்தேகம். லைன் பக்கத்தில் கிளை இருந்தால் எங்கள் கான்ட்ராக்டர் காய்ந்த மூங்கிலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெட்டச் சொல்வார், அது சரியா? மிஷின் எது வாங்கலாம்?

தாம்பரம்_கவாத்து:

சரியே இல்லை. பச்சைக் கிளை முழுக்கத் தண்ணீர், அது லைனைத் தொட்டாலே கரண்ட் உங்கள் மேல் பாயும். வீட்டுக்காரரைவிட்டு உங்கள் ஏரியா ஈ.பி. ஆபீஸில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், அவர்கள் ஆள் வந்து லைனை ஆஃப் செய்த அப்புறம்தான் ஏற வேண்டும். அவர்கள் சொன்ன தேதி தள்ளிப்போகும், அன்றைய கூலி வீணாகும், அதையும் ரேட்டில் வையுங்கள். அலுமினிய ஏணியை லைன் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

மிஷின், ஸ்டில் கம்பெனி எம்எஸ் 180 மாதிரிச் சின்னது ஒன்று போதும், தடித்த அடிமரம் வந்தால் பெரியதை வாடகைக்கு எடுங்கள். கம்பெனி டூ-டி ஆயில் என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. ஆயிலில் மிச்சம் பிடிக்கப் போனால் பிஸ்டன் போகும். செயின் ஓடுகிற பாரின் நுனியில் மேல்பக்கம் கட்டையில் பட்டால் மிஷின் முகத்துக்குத் திரும்பி அடிக்கும், மரத்தின் மேல் ஒற்றைக் கையால் பிடிப்பவனை நான் கூட வைத்துக்கொள்வதில்லை. நகையை வைப்பதானால் முதலில் முழு உடம்பு ஹார்னஸும் நல்ல கயிறும் வாங்குங்கள், மிஷின் செகண்ட் ஹேண்ட் கிடைக்கும். கயிறு செகண்ட் ஹேண்ட் வாங்காதீர்கள்.

அனுமதி விஷயத்தில் கவனம். பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும், சந்தனத்தில் கை வைத்தால் வனத்துறை வரும். நீலகிரி, கொடைக்கானல் மலைப் பகுதியில் 1955-ஆம் வருடத்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சொந்த நிலத்து மரம் என்றாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. ரோட்டோர மரத்தை வீட்டுக்காரர் சொன்னார் என்று தொடாதீர்கள்.

பொள்ளாச்சி_தோப்பு:

அந்தப் பையன் பற்றி யாரும் பேசவில்லையே. ஆபரேஷன் இன்னும் ஆகவில்லை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருந்தால் எடுக்கலாம், வி.ஏ.ஓ. வருமானச் சான்று வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் முன்பே பதிந்திருந்தால் விபத்து உதவிக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். பதிவு இல்லாவிட்டாலும் இழப்பீட்டுக்கு அங்கேயே கேட்கலாம், அதற்கு அவன் அன்றைக்கு அங்கே வேலை செய்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும். கூட வேலை செய்தவர்கள் யார், அன்றைய போட்டோ, ஜிபேயில் கூலி வந்த கணக்கு எதுவும் இருந்தால் அழித்துவிடாமல் வைக்கச் சொல்லுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று தனிச் செய்தியில் அனுப்புங்கள், கோவையில் இந்த மனு எழுதிக் கொடுக்கிற சங்கத்து ஆள் ஒருவரை எனக்குத் தெரியும்.