ஆப்பிரிக்கா போகணும், 12 நாள்தான் இருக்கு: என்ன ஊசி, எங்க போடறது?

புதுக்குடி:
எல்லாருக்கும் வணக்கம். இங்க வந்து நாலு மாசம் ஆகுது. ஆபீஸ்ல திடீர்னு ஆப்பிரிக்கா போகச் சொல்லிட்டாங்க. இன்னிக்கு திங்கள், அடுத்த வாரம் சனிக்கிழமை ஃப்ளைட், டிக்கெட் போட்டாச்சு. ஏதோ ஒரு ஊசி போட்டு மஞ்சள் அட்டை வாங்கலைன்னா ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிடுவாங்கன்னு கூட வேலை பார்க்கறவர் இப்பத்தான் சொன்னார். எனக்கு இங்க டாக்டர் கிடையாது. சின்ன வயசுல போட்ட தடுப்பூசிச் சீட்டும் கையில இல்ல. யாராவது உடனே சொல்லுங்க.

அடைமழை:
தம்பி, நாலு மாசமா டாக்டர்கிட்ட பதிவு பண்ணாம இருக்கறதுதான் முதல் தப்பு. ஊசியை விடுங்க, நாளைக்கே காய்ச்சல் வந்தா எங்க போவீங்க? புது நாட்டுக்கு வந்த முதல் வாரமே செய்ய வேண்டிய வேலை இது. பாஸ்போர்ட், விசா, வீட்டு முகவரி காட்டற ஏதாவது ஒரு காகிதம், மூணையும் எடுத்துக்கிட்டு வீட்டுப் பக்கத்துல இருக்கற கிளினிக்குக்குப் போங்க. பதிவு முடியவே ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும்.

வடதிசை:
பயப்படாதீங்க சகோ. மஞ்சள் காமாலை ஊசி மூணு தவணை போட்டிருந்தீங்கன்னா போதும். நம்ம ஊர்ல படிச்சவங்க நிறைய பேர் காலேஜ்லயே போட்டிருப்பாங்க. அந்தச் சீட்டைத் தேடிப் பாருங்க.

ஊசிமுனை:
வடதிசை, தயவுசெய்து இதைத் திருத்திக்குங்க, நிறைய பேர் இதுல ஏமாந்துடறாங்க. மஞ்சள் காமாலைக்கு மூணு தவணையா போடறது ஹெபடைடிஸ் பி ஊசி. எல்லையில கேக்கறது மஞ்சள் காய்ச்சல் ஊசி. நோயும் வேற, ஊசியும் வேற. மஞ்சள் காய்ச்சல் கொசு பரப்பற வைரஸ். அதுக்கு ஒரே ஒரு ஊசி, அரை மில்லி, தோலுக்கு அடியிலயோ தசையிலயோ போடுவாங்க. அரசு அங்கீகாரம் கொடுத்த மையத்துல மட்டும்தான் போட முடியும், ஊசி போட்டதுக்கான சான்றிதழான மஞ்சள் அட்டையும் அங்கதான் தருவாங்க. எந்த கிளினிக்ல வேணும்னாலும் போட்டுக்கலாம்னு நினைச்சு அலையாதீங்க.

அட்டை செல்லுபடியாகறது ஊசி போட்ட 10 நாள் கழிச்சுத்தான். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் செல்லும். முன்னாடி 10 வருஷம்னு இருந்தது, 2016 ஜூலை 11-லேர்ந்து உலக சுகாதார விதியே மாறிடுச்சு. பழைய அட்டையில 10 வருஷம்னு எழுதியிருந்தாலும் இப்ப அது வாழ்நாளுக்கும் செல்லும்.

புதுக்குடி, நீங்க சொல்லாத விஷயம்தான் இங்க முக்கியம். ஆப்பிரிக்கான்னா எந்த நாடு? எகிப்துக்கும் மொராக்கோவுக்கும் நேரா போறவங்களுக்கு இந்த ஊசியே தேவையில்ல. கானாவுல அட்டை இல்லாம உள்ள விடமாட்டாங்க. தென்னாப்பிரிக்காவுல நோய் இல்ல, ஆனா நோய் இருக்கற நாட்டு ஏர்போர்ட்ல 12 மணி நேரத்துக்கு மேல காத்திருந்து போய் இறங்கினா கேப்பாங்க. எந்த நாடு, எந்த வரிசையில, எத்தனை நாள், நடுவுல எங்க ஃப்ளைட் மாறறீங்க, இப்ப எந்த நாட்டுல இருக்கீங்க, வயசு என்ன, ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா, முட்டை அலர்ஜி உண்டா (இந்த ஊசி மருந்தை முட்டையிலதான் தயாரிக்கறாங்க), எல்லாம் எழுதுங்க.

நெய்தல்:
ஒரு எச்சரிக்கை. நாளைக்கே போய் நின்னா போட்டுடுவாங்கன்னு நம்பாதீங்க. பல இடங்கள்ல ஒரு குப்பியில 5 டோஸ், 10 டோஸ் வரும். தூளைக் கரைச்சுட்டா சில மணி நேரத்துக்குள்ள தீர்க்கணும், மிச்சத்தைக் கொட்டிடணும். அதனால வாரத்துக்கு ரெண்டு நாள்னு வச்சு, ஆள் சேர்ந்த பிறகுதான் குப்பியை உடைப்பாங்க. போன் பண்ணும்போது "எப்ப போடுவீங்க, இன்னிக்கு ஸ்டாக் இருக்கா, நான் வர்ற அன்னிக்கே அட்டை கிடைக்குமா"ன்னு மூணையும் கேளுங்க.

புதுக்குடி:
மன்னிக்கணும், பதட்டத்துல விட்டுட்டேன். இருக்கறது இங்கிலாந்து. கென்யாவுல நைரோபிக்கு நேரடி ஃப்ளைட், ஞாயிறு காலையில இறங்கறேன். அங்க அஞ்சு நாள். வெள்ளிக்கிழமை அங்கேருந்து உகாண்டாவுல கம்பாலா, ஏழு நாள். திரும்பும்போது இந்தியா போய் ஒரு வாரம் இருந்துட்டு வரலாம்னு இருக்கேன். வயசு 33, மருந்து எதுவும் இல்ல, முட்டை சாப்பிடுவேன்.

ஊசிமுனை:
இப்ப கணக்கு போடலாம். இங்கிலாந்துலேர்ந்து நேரா போறவங்ககிட்ட கென்யா அட்டை கேக்காது. உகாண்டா எல்லார்கிட்டயும் கேக்கும். கம்பாலாவுக்கான என்டெபி ஏர்போர்ட்ல நீங்க இறங்கறது இன்னிலேர்ந்து 18-வது நாள். அதனால அட்டைக்கு மட்டும்னா அடுத்த செவ்வாய் வரைக்கும் டைம் இருக்கு. ஆனா அட்டைக் கணக்கை மட்டும் பார்க்காதீங்க. கென்யாவும் நோய் இருக்கற நாடுதான், உடம்புல எதிர்ப்பு வரவும் அதே 10 நாள் ஆகும். நாளன்னிக்கு புதன்கிழமை போட்டீங்கன்னா ஃப்ளைட் ஏறற சனிக்கிழமை பத்து நாள் நிறையும். புதனையே குறி வையுங்க.

இந்தியா போறதையும் சொன்னது நல்லதாப் போச்சு. கென்யா, உகாண்டா ரெண்டுமே இந்தியாவோட மஞ்சள் காய்ச்சல் பட்டியல்ல இருக்கு. அங்கேருந்து கிளம்பின ஆறு நாளுக்குள்ள அட்டை இல்லாம இந்தியாவுல இறங்கினா, இந்தியப் பாஸ்போர்ட்டா இருந்தாலும் ஆறு நாள் வரைக்கும் தனிமைப்படுத்துவாங்க. அட்டையை பெட்டியில போட்டு செக்-இன் பண்ணிடாதீங்க. பாஸ்போர்ட்டுக்குள்ளயே இருக்கட்டும். போட்டோ எடுத்து வச்சுக்கறது நல்லதுதான், ஆனா எல்லையில மூல அட்டையைத்தான் கேப்பாங்க.

இங்கிலாந்துல பெரும்பாலும் ஒரே டோஸ் குப்பிதான், அதனால நெய்தல் சொன்ன ஆள் சேர்க்கற பிரச்சினை அங்க குறைவு. ஆனா ஸ்டாக் தீர்ந்துபோற பிரச்சினை உண்டு, அந்தப் போன் பண்ணாம போகாதீங்க.

அடைமழை:
இங்கிலாந்தா? அப்ப என்எச்எஸ்ல (அங்க அரசு நடத்தற மருத்துவச் சேவை) எல்லாமே இலவசம், எதுக்குத் தனியார்ல பணம் கட்டணும்?

ஊசிமுனை:
எல்லாம் இல்லைங்க. ஹெபடைடிஸ் ஏ (அசுத்தமான சாப்பாடு, தண்ணி வழியா வர்ற கல்லீரல் நோய்), டைபாய்டு, டெட்டனஸ்-டிப்தீரியா-போலியோ பூஸ்டர், காலரா, இந்த நாலும்தான் இலவசம். மஞ்சள் காய்ச்சலும் ரேபிஸும் காசு கொடுத்துத்தான். அதோட, இலவச ஊசிக்கு பதிவு பண்ணியிருக்கணும், பல ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்ல ஆறு வாரம் எட்டு வாரம் முன்னாடியே கேக்கச் சொல்வாங்க. 12 நாள்ல நடக்கணும்னா பயணிகளுக்கு ஊசி போடற தனியார் டிராவல் கிளினிக்தான் வழி.

அடைமழை:
அதான் பாருங்க. வரி கட்டறோம், விசாவோட சேர்த்து ஹெல்த் சர்சார்ஜும் கட்டறோம், கடைசியில காலை எட்டு மணிக்கு போனைப் பிடிச்சுக்கிட்டு க்யூல நிக்கணும். புதுசா வர்றவங்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர்றதில்ல.

வடதிசை:
அமெரிக்காவுலயும் இதே கதைதான். டிராவல் ஊசின்னு சொன்னாலே இன்சூரன்ஸ் கை விரிச்சிடும். இன்சூரன்ஸ் பட்டியல்ல இருக்கற டாக்டரும் பெரும்பாலும் மஞ்சள் காய்ச்சல் ஊசி போடமாட்டார். வேலை மாறினா திரும்ப முதல்லேர்ந்து. ஆபீஸ் வேலையா அனுப்பறவங்களே கட்டணும்னு எழுத்துல கேளுங்க புதுக்குடி, நாம வாயைத் திறக்காததாலதான் நம்ம தலையில கட்டறாங்க.

அடைமழை:
கேட்டா மட்டும் உடனே தந்துடுவாங்களா? மூணு மெயில், நாலு ஃபார்ம், ஆறு மாசம் கழிச்சுப் பணம்.

நெய்தல்:
அண்ணன்மாரே, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா அவருக்கு இருக்கறது 12 நாள். வேலைக்கு வருவோம்.

புதுக்குடி, புதன்கிழமை ஒரே விசிட்ல மஞ்சள் காய்ச்சல், டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் பூஸ்டர் நாலையும் போட்டுக்கலாம். வேற வேற இடத்துல போடுவாங்க, ஒண்ணு இன்னொண்ணைக் கெடுக்காது. டைபாய்டு ஊசி வேலை செய்ய ரெண்டு வாரம் வேணும்னு சொல்வாங்க, இருந்தாலும் போடாததைவிடப் போடறது மேல். ஹெபடைடிஸ் ஏ கிளம்பற அன்னிக்குக்கூட போடலாம், ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டாவது டோஸ் போட்டுட்டா ரொம்ப வருஷம் தாங்கும். நம்ம பக்கம் வளர்ந்தவங்க பல பேருக்கு அந்த நோய் தெரியாமலே வந்து போய், ரத்தத்துல எதிர்ப்பு இருக்கும். டைம் இருக்கறவங்க ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்துப் பார்த்தா ஊசியே மிச்சமாகலாம். உங்களுக்கு டைம் இல்ல, போட்டுடுங்க. பழைய சீட்டு இல்லாததுக்கும் கவலை வேண்டாம். முன்னாடி போட்டிருந்தாலும் திரும்ப ஒண்ணு போடறதால பெரிய கெடுதல் இல்ல.

ரேபிஸுக்கு உலக சுகாதார நிறுவனக் கணக்குல ரெண்டு ஊசி, ஒண்ணு போட்டு ஏழு நாள் கழிச்சு இன்னொண்ணு. இங்கிலாந்துல பெரும்பாலும் மூணு தவணை சொல்வாங்க, கிளினிக்ல கேட்டுக்குங்க. முதல் ரெண்டும் உங்க தேதிக்குப் பொருந்தும். நகரத்து ஆபீஸோட வேலை முடியும்னா கட்டாயம்னு சொல்லமாட்டேன். போட்டாலும் போடாட்டியும், நாய் கடிச்சா 15 நிமிஷம் சோப்புத் தண்ணியில கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரி. முன்னாடியே போட்டவங்களுக்கு இம்யூனோகுளோபுலின் (கடிச்ச உடனே போடற எதிர்ப்பு மருந்து) தேவைப்படாது, பல ஊர்கள்ல கிடைக்காத பொருளே அதுதான்.

வடதிசை:
மலேரியா ஊசியை மறந்துட்டீங்களே? நம்ம ஊர்ல மலேரியா வந்தவங்களுக்கு அது தேவையில்லைன்னும் சொல்வாங்க.

நெய்தல்:
ரெண்டும் தப்புங்க. மலேரியா தடுப்பூசி வந்திருக்கு, ஆனா அது நோய் அதிகமா இருக்கற நாடுகள்ல வாழற குழந்தைகளுக்கு. பயணிக்கு மாத்திரைதான். எப்பவோ வந்த மலேரியா காப்பாத்தாது. ஆப்பிரிக்காவுல பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, ஒண்ணு ரெண்டு நாள்லயே ஆளைச் சாய்ச்சிடும். பழைய மலேரியா மாத்திரையான குளோரோகுயினும் அங்க எடுபடாது.

நைரோபி நகரம் உயரமான இடம், அபாயம் குறைவு. கம்பாலாவுக்கு மாத்திரை கண்டிப்பா வேணும். அடோவாகுவோன்-புரோகுவானில்னு கேளுங்க. இங்கிலாந்துல பெரியவங்களுக்கு டாக்டர் சீட்டு இல்லாமலே பார்மசிஸ்ட் கேள்வி கேட்டுட்டுத் தர்ற பிராண்டு உண்டு. கம்பாலா போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆரம்பிச்சு, தினம் ஒண்ணு, கிளம்பின பிறகும் ஏழு நாள். உங்க கணக்குல 2, 7, 7, ஆக 16 மாத்திரை. நைரோபியிலேர்ந்து மொம்பாசா, விக்டோரியா ஏரிப் பக்கம் போறதா இருந்தா பயணம் முழுக்கச் சாப்பிடணும், அப்ப 21. சாப்பாட்டோட இல்லைன்னா பாலோட சாப்பிடுங்க, வெறும் வயித்துல மருந்து சரியா ஏறாது. திரும்பி வந்தா பல பேர் அந்தக் கடைசி ஏழு நாளைத்தான் விட்டுடறாங்க. நீங்க அப்ப இந்தியாவுல இருப்பீங்க, போன்ல அலாரம் வச்சுக்குங்க.

விலை குறைவுன்னு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எடுத்தா, கிளம்பின பிறகும் நாலு வாரம் தொடரணும். டம்ளர் நிறைய தண்ணியோட முழுங்கிட்டு உடனே படுக்கக்கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும்.

புதுக்குடி:
ரொம்ப நன்றி. புதன்கிழமை காலையில அப்பாயின்ட்மென்ட் கிடைச்சிடுச்சு. ஒண்ணு கேக்கணும். மனைவியும் எட்டு மாசப் பாப்பாவும் கூட வர்றாங்க, அவங்களுக்கும் அன்னிக்கே போட்டுடலாமா? மனைவிக்குப் புது வேலை ஒரு ஆஸ்பத்திரியில. அதுக்காகப் போன வாரம்தான் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஊசி) போட்டாங்க. திரும்பி வந்ததும் டிபி டெஸ்ட் இருக்குன்னு சொன்னா.

ஊசிமுனை:
தம்பி, இதை முதல்லயே சொல்லியிருக்கணும். நிதானமா படிங்க.

பாப்பாவுக்கு ஒன்பது மாசம் ஆகல. மஞ்சள் காய்ச்சல் ஊசி உயிருள்ள வைரஸை பலவீனப்படுத்திச் செய்யறது. ஆறு மாசத்துக்குக் கீழ போடவே கூடாது. ஆறுலேர்ந்து ஒன்பதுக்குள்ள, தவிர்க்கவே முடியாத பயணம்னா மட்டும், நிபுணர் பார்த்து முடிவு பண்ணணும். உகாண்டா ஒரு வயசுக்குக் கீழ அட்டை கேக்காது, ஆனா கொசு அட்டை பார்த்துக் கடிக்கறதில்ல.

மனைவி தாய்ப்பால் கொடுக்கறாங்கன்னா, குழந்தைக்கு ஒன்பது மாசம் ஆகற வரைக்கும் இந்த ஊசியைத் தவிர்க்கச் சொல்வாங்க. பால் வழியா வைரஸ் போய், பிறந்து சில வாரமே ஆன குழந்தைகளுக்கு மூளை அழற்சி வந்தது பதிவாகியிருக்கு. அதுக்கு மேல எம்எம்ஆரும் உயிருள்ள ஊசி. சில நாடுகள்ல ரெண்டையும் ஒரே நாள்ல போடலாம்பாங்க. இங்கிலாந்துல நாலு வார இடைவெளி கேப்பாங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதி எதிர்ப்பு குறையுதுன்னு. அவசரம்னா இடைவெளி இல்லாமலும் போடுவாங்க, ஆனா அப்புறம் எம்எம்ஆர் இன்னொரு டோஸ் போட வேண்டி வரலாம். தோல்ல ஊசி போட்டுப் பார்க்கற டிபி டெஸ்டும், உயிருள்ள ஊசி போட்ட நாலு வாரத்துக்குள்ள பண்ணினா தப்பா நெகட்டிவ் காட்டும். எம்எம்ஆர் தேதியை ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க.

என் கருத்தைக் கேட்டா, அவங்க ரெண்டு பேரும் இந்தத் தடவை ஆப்பிரிக்கா வர வேண்டாம். நேரா இந்தியா வந்து உங்களோட சேர்ந்துக்கட்டும்.

புதுக்குடி:
பேசிட்டோம். அவங்க ரெண்டு பேரும் நேரா இந்தியா போறாங்க. டிக்கெட் மாத்தியாச்சு. புதன்கிழமை போகும்போது என்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?

நெய்தல்:
பாஸ்போர்ட். அட்டையில பேரை அதைப் பார்த்துத்தான் எழுதணும். நம்ம ஆளுங்களுக்கு அடிபடற இடமே இதுதான். பாஸ்போர்ட்ல அப்பா பேரை விரிச்சு சர்நேம்ல போட்டிருக்கும், ஆபீஸ் ஐடியில வெறும் இனிஷியல் இருக்கும், வாயால சொன்னா நர்ஸ் இன்னொரு மாதிரி எழுதுவாங்க. பாஸ்போர்ட்டைத் திறந்து அவங்க முன்னாடி வையுங்க.

நாற்காலியை விட்டு எழுந்துக்கறதுக்கு முன்னாடி அட்டையைப் பாருங்க. பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர், ஊசி போட்ட தேதியில மாசம் எழுத்துல இருக்கா, ஊசி கம்பெனி பேரும் பேட்ச் நம்பரும் இருக்கா, போட்டவங்க கையெழுத்து இருக்கா, மையத்தோட முத்திரை பதிஞ்சிருக்கா. முத்திரை இல்லாத அட்டை வெறும் காகிதம். உங்க கையெழுத்துக்கும் ஒரு இடம் இருக்கும், அதைப் பல பேர் காலியா விட்டுடறாங்க. அடிச்சுத் திருத்தியிருந்தா புது அட்டை கேளுங்க.

ஊசி போட்டு 15 நிமிஷம் அங்கயே உட்காருங்க. நாலஞ்சு நாள் கழிச்சு லேசா காய்ச்சல், உடம்பு வலி வரலாம், பாராசிட்டமால் போதும். நிக்காத காய்ச்சல், கண் மஞ்சளாகறது, கடுமையான தலைவலின்னா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இந்த ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்க. திரும்பி வந்த பிறகு எப்ப காய்ச்சல் வந்தாலும், மூணு மாசம் கழிச்சு வந்தாலும், "உகாண்டா போய்ட்டு வந்தேன், மலேரியா டெஸ்ட் எடுங்க"ன்னு நீங்களே வாய்விட்டுச் சொல்லணும்.

புதுக்குடி:
அட்டை கையில வந்தாச்சு. பேர்ல ஒரு எழுத்து விட்டிருந்தாங்க, அங்கேயே வேற அட்டை எழுதி வாங்கிட்டேன். முத்திரை, பேட்ச் நம்பர் எல்லாம் சரியா இருக்கு. மாத்திரை 16 வாங்கிட்டேன். ரேபிஸ் முதல் ஊசியும் போட்டாச்சு, அடுத்தது அடுத்த புதன்.