தலையைப் பிடித்தவர் கையை எடுக்கக் கூடாது

பைக் விபத்து நடந்த இடத்தில் அடிக்கடி பார்ப்பது: அடிபட்டவரை ஒருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார், இன்னொருவர் காலைப் பிடிப்பார், தலை பின்னால் தொங்கும். மூன்று, நான்கு, ஐந்தாம் கழுத்து நரம்புகள்தான் மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்தை இயக்குகின்றன. அதற்கு மேலே தண்டுவடம் நசுங்கினால் மூச்சே நின்றுவிடும். தயவுசெய்து அப்படித் தூக்காதீர்கள். சோடாவும் வேண்டாம்.

அடிபட்டவரின் முகத்துக்கு நேரே போய் "தலையை ஆட்டாதீங்க" என்று சொல்லுங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். பிறகு தலைமாட்டில் மண்டியிட்டு, முழங்கையைத் தரையிலோ தொடையிலோ ஊன்றிக்கொள்ளுங்கள். ஊன்றாத கை சீக்கிரம் நடுங்கும். உள்ளங்கை தலையின் இரு பக்கமும், விரல்கள் தாடை எலும்பிலும். காதை மூடாதீர்கள், நாம் பேசுவது அவருக்குக் கேட்க வேண்டும். மூக்கு தொப்புளுக்கு நேராக வரட்டும். வலித்தாலோ, கை மரத்தாலோ, கழுத்து இறுகித் தடுத்தாலோ இருந்த நிலையிலேயே பிடியுங்கள். இழுக்கவே கூடாது. 108 குழுவினர் கை மாற்றிக்கொள்ளும்வரை விடாதீர்கள்.

—

அடிபட்டவரின் ஹெல்மெட்டைக் கழற்றலாமா என்று கேட்டிருந்தவருக்கு: மூச்சு சீராக இருந்தால் கண்ணாடியை மட்டும் தூக்கிவிடுங்கள். மூச்சு அடைத்தால் கழற்றித்தான் ஆக வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டிலிருந்து ஹெல்மெட்டை ஆடாமல் பிடிக்க, மற்றவர் வாரை அவிழ்த்து, ஒரு கையால் தாடையையும் மறுகையால் பிடரியையும் தாங்குவார். பிறகு ஹெல்மெட்டைப் பிடித்தவர் காது சிக்காமல் அதன் இரு ஓரங்களையும் வெளிப்பக்கம் விரித்து, மூக்கு தட்டாமல் லேசாகப் பின்னால் சாய்த்து உருவ வேண்டும். தவறு நடப்பது கடைசி நொடியில்தான்: ஹெல்மெட் வெளியே வந்ததும் தலை தொப்பென்று தரையில் விழும். பிடரிக் கை அந்தப் பாரத்தை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தலைக்கடியில் மடித்த துண்டு வையுங்கள். சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, அதனால் துண்டு தோளுக்கடியில்.

—

வாந்தி எடுத்தால் தலையை மட்டும் திருப்பாதீர்கள். தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே கட்டையாக உருள வேண்டும். முடிந்தால் நான்கு பேர். எண்ணிக்கை சொல்வது தலையைப் பிடித்தவர் மட்டுமே. நாக்கு அடைத்தால் தாடையை முன்னுக்குத் தள்ளுங்கள். அதிலும் மூச்சு வரவில்லையென்றால் தலையை மெல்லச் சாய்க்கத் தயங்க வேண்டாம், கழுத்தைவிட மூச்சு முக்கியம்.

காலர் (கழுத்து அசையாமல் இருக்க மாட்டும் பட்டை) விஷயம்: முதலுதவி செய்பவர்கள் வழக்கமாகக் காலர் மாட்ட வேண்டாம் என்று உயிர்காப்பு முதலுதவிக்கு வழிகாட்டும் சர்வதேசக் குழுவான இல்கார் (ILCOR) 2015லேயே பரிந்துரைத்துவிட்டது. அளவு உயரமானால் கழுத்து பின்னால் வளையும், இறுகினால் ரத்தக்குழாய் அழுந்தித் தலைக்குள் அழுத்தம் ஏறும். அடிபட்டவரைத் தூக்கிச் செல்லும் பலகையில் கட்டும்போது உடம்பை முதலில், தலையைக் கடைசியில். தலையை முதலில் கட்டிவிட்டு உடம்பு நழுவினால், முறுக்கு முழுவதும் கழுத்தில் விழும்.